வெட்டுக்கோடு ஏன் சாய்ந்திருக்கிறது?

ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டைக் கவனித்திருக்கிறீர்களா? இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அப்படித்தான். ஏன் எதிர்ப்பக்கமாகச் சரித்து வெட்டுவதில்லை?

மரம் சீவிய பெரியவர்களிடம் கேட்டால், "கங்காணி அப்படித்தான் காட்டிக் கொடுத்தாரு" என்பார்கள். காரணம் பட்டைக்குள் இருக்கிறது. பால் இருக்கும் நுண்குழாய்கள் மரத்தில் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் சாய்கின்றன. சில பாகை அளவுதான் அந்தச் சாய்வு. ஆனால் அதற்குக் குறுக்கே போகிற கோடு அதிகக் குழாய்களை அறுக்கும். அதிகக் குழாய் அறுந்தால் மங்கில் அதிகப் பால் விழும்.

இந்தக் கேள்வியைச் செலண்டாரில் ஒரு கோயில் மண்டபத்தில் நான்கு பிள்ளைகளிடம் கேட்டேன். நால்வரும் ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்தவர்கள். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தார்கள். நால்வர் வீட்டிலும் பாட்டியோ அம்மாவோ மரம் சீவியவர்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. இப்படி ஒரு கேள்வியும் உயிரியல்தான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

நான் வானொலி அறிவிப்பாளர். படித்தது ஊடகத் துறை. உயிரியலை ஐந்தாம் படிவத்தோடு விட்டுவிட்டேன். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், செலண்டாரில் இருக்கும் என் அத்தைக்கு ஒரு கணக்கு இருந்தது: "நீதான் பேசியே சம்பாதிக்கிறியே, நம்ம பிள்ளைங்களுக்கும் பேசக் கத்துக் குடு." நான்கு சனிக்கிழமைகள் போய் வந்தேன். உயிரியல் பகுதிக்கு அவர்களுடைய பாடப்புத்தகங்களையும், எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளரின் பொறுமையையும் நம்பினேன்.

முதலில் எழுந்து நின்ற பெண் மலாயில் சுய அறிமுகத்தைத் தொடங்கினாள். பெயர், ஊர், பள்ளி, குடும்பம், பொழுதுபோக்கு, வாழ்க்கை இலட்சியம். ஒன்றரை நிமிடம், மூச்சு வாங்காமல். ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்கிறாரா, மனப்பாடமாக ஒப்பிக்கிறாரா, யோசித்துப் பேசுகிறாரா என்பதைக் காது இரண்டே வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடும். ஒலிபெருக்கி முன் உட்காரும் எல்லாருக்கும் இது தெரியும். ஒரே நாளில் வரிசையாகப் பலரைக் கேட்கும் விரிவுரையாளருக்குத் தெரியாமல் போகுமா?

"இது எங்கேம்மா கிடைச்சது?"

"கேள்வி பதில் கட்டு ஒன்னு இருக்குக்கா. எல்லாரும் கைமாத்திக்குவோம்."

நகலெடுத்து நகலெடுத்து எழுத்தே மங்கிப்போன தாள்கள். 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்கு நால்வரும் ஒரே பலவீனத்தை வைத்திருந்தார்கள்.

நம் வீடுகளில் பலருக்கு இந்த நேர்முகத் தேர்வு எதற்கு என்றே தெளிவாகத் தெரிவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. பெரும்பாலான பாடங்களுக்கு அதோடு சரி. மருத்துவம், ஆசிரியர் கல்வி போன்ற சில பாடங்களுக்கு மட்டும் ஆளை நேரில் அல்லது இணையம் வழி பார்க்கிறார்கள். உங்கள் மகளின் புள்ளிகள் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒளிச்சேர்க்கையின் படிகளை அவள் எழுதத் தெரிந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியும். தாள் காட்டாத ஒன்றைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆண்டுதோறும் முடிவு வந்த பிறகு நாம் ஓடும் ஓட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராயுவான் மனு, பொறுப்பாளரைப் பார்ப்பது, பத்திரிகைக்குச் சொல்வது. அதெல்லாம் தேவைப்படலாம். ஆனால் அந்த ஓட்டத்தில் கால்வாசியை நேர்முகத் தேர்வுக்கு முந்திய மாதத்தில் ஓடினால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஸ்ட்ராபெரி, ஒரு ரம்புத்தான்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் தன் நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடிய கேள்விகள் சிலவற்றை அவ்வப்போது வெளியிட்டிருக்கிறது. உயிரியலுக்கு அவர்கள் சொன்ன ஒரு கேள்வி: பொறிவண்டு சிவப்பு, ஸ்ட்ராபெரியும் சிவப்பு, ஏன்? இன்னொன்று: பல விலங்குகளுக்கு ஏன் வரிகள் இருக்கின்றன? புலி அழிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்பதுபோல் ஒரு கேள்வியும் உண்டு. எதற்கும் பாடப்புத்தகத்தில் நேர்ப் பதில் கிடையாது. பொறிவண்டின் சிவப்பு 'என்னைத் தின்னாதே' என்கிறது, பழத்தின் சிவப்பு 'வா, தின்னு, விதையைக் கொண்டுபோ' என்கிறது என்று மாணவர் தானே யோசித்து வந்து சேர வேண்டும். வழியில் இரண்டு தடவை இடறினாலும் பரவாயில்லை.

செலண்டாரில் யாரும் ஸ்ட்ராபெரியைத் தோட்டத்தில் பார்த்ததில்லை. அதனால் கேள்வியை மாற்றினேன். ரம்புத்தான் பழுத்தால் சிவக்கிறது. ரப்பர்க் காய் சிவக்காமல் காய்ந்து 'டப்' என்று வெடிக்கிறது. ஏன்?

ரப்பர் விதை என்றதும் நால்வரும் சிரித்தார்கள். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்கிற விளையாட்டு நம் தலைமுறையோடு நின்றுவிடவில்லை போலும்.

ஒரு பையன் ஆரம்பித்தான். "ரம்புத்தானைத் திங்க ஆள் இருக்கு. வௌவால் திங்கும், குரங்கு திங்கும். கொட்டையைத் தூரமா கொண்டுபோய்ப் போடும். ரப்பர்க் காயைப் பழம்னு யாரும் திங்கிறதில்ல. அதனால அதுவே வெடிச்சுத் தூரமா போவுது."

நன்றாகத்தான் இருந்தது. அப்போது மனப்பாடப் பெண் குறுக்கிட்டாள். "வௌவால் ராத்திரிலதானே வருது? இருட்டுல அதுக்குச் செவப்பு எதுக்கு?"

மண்டபத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வௌவால் வாசனையை வைத்துத்தான் வரும், அப்படியென்றால் நிறம் பகலில் வருகிறவர்களுக்கு, குரங்குக்கும் பறவைக்கும். குரங்குக்கு நிறம் தெரியுமா? தெரியும், நம்மைப் போலவே சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும். அப்படியானால் வௌவாலுக்காகப் பழுக்கும் பழங்கள் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்? அவை பச்சையாகவே இருந்தாலும் போதுமா?

இருபது நிமிடம் போனது. ஒருவர்கூடத் தாளைத் தொடவில்லை. ஒரு விரிவுரையாளர் அந்த மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அங்கேயே இடம் கொடுத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்றரை நிமிட அறிமுகத்தைக் கேட்டிருந்தால் அவளை மறந்திருப்பார்.

தோட்டத்துக்குள் இருக்கும் பாடம்

அடுத்த வாரம் ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் தொழிலைப் பற்றிக் கேட்டு வர வேண்டும், பிறகு பாடப்புத்தகத்தில் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

அந்தப் பெண்ணின் பாட்டி சொல்லியனுப்பியது இரண்டு. ஒன்று, விடியும் முன்பே மரத்துக்குப் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். மற்றொன்று, உளி கட்டையில் படக்கூடாது, பட்டால் பட்டை சீராக மூடாமல் முண்டு முண்டாக வரும், கங்காணியிடம் ஏச்சு விழும். இரண்டும் ஆறாம் படிவப் பாடத்தில் அப்படியே இருக்கின்றன. வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியேற்றும், மரத்துக்குள் நீரழுத்தம் இறங்கும், குழாயிலிருந்து பாலைத் தள்ளும் விசை குறையும். பால்குழாய்கள் இருப்பது மென்பட்டையில். அதற்கும் கட்டைக்கும் நடுவே மிக மெல்லிய படலமாக இருக்கிறது காம்பியம். புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அதைக் காயப்படுத்தாமல், ஆனால் அதை ஒட்டி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டத் தெரிந்தவர்தான் நல்ல தொழிலாளி. தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்குச் சில நூறு மரங்களில், பாட்டி அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டு வெட்டியிருக்கிறார்.

பெண்ணின் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மகளை மண்டபத்தில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் உள்ளே வரச் சொன்னேன். கூச்சப்பட்டார். ஆண் பூ எப்படி இருக்கும் என்று ஒரு பையன் கேட்டதும் கூச்சம் போய்விட்டது.

"சோம்பு வாசம் வரும்பா. கிட்ட போனாலே தெரியும். சின்னச் சின்ன வண்டு மொய்ச்சிக்கிட்டிருக்கும்."

அந்த வண்டுக்கு ஒரு கதை உண்டு. இது நம் நாட்டு வண்டு கிடையாது. செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு 1981-இல் இங்கே விடப்பட்டது. அதுவரை இங்கே மகரந்தச் சேர்க்கைக்கு வேண்டிய பூச்சி போதவில்லை. இளம் பனைகளுக்கு மகரந்தத் தூளை மாவோடு கலந்து ஆட்களே பூப்பூவாக அடித்தார்கள். வண்டு வந்ததும் அந்த வேலை தேவையற்றுப் போனது. வண்டு முட்டையிட்டு வளர்வது ஆண் பூவில். பெண் பூவிலும் அதே வாசனை, கொஞ்சம் குறைவாக. வாசனையை நம்பிப் போய் அங்கே தனக்கு ஒன்றும் இல்லாமல் திரும்பும் வண்டு, மகரந்தத்தை மட்டும் உதிர்த்துவிட்டு வருகிறது.

"எங்கம்மா பவுடர் அடிக்கிற வேலை செஞ்சவங்கதான்" என்றார் அப்பா. மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது அன்றுதான் தெரியும்.

அவரே இன்னொன்றும் சொன்னார்: பனைக்கு அடியில் தானாக முளைத்த கன்றை யாரும் எடுத்து நடமாட்டார்கள், நாற்றுப் பண்ணையில்தான் வாங்குவார்கள். இது மெண்டல் பாடம். ஓடு தடித்த வகைக்கு டூரா, ஓடே இல்லாத வகைக்கு பிசிஃபெரா என்று பெயர். இரண்டையும் சேர்த்தால் மெல்லிய ஓடும் அதிகச் சதையும் உள்ள டெனெரா கிடைக்கும். தோட்டங்களில் நிற்பது இதுதான். டெனெராவின் விதையை நட்டால் பிள்ளைகள் மறுபடியும் மூன்று வகையாகப் பிரிந்துவிடும். கால்வாசி டூரா, கால்வாசி பிசிஃபெரா. பிசிஃபெராவின் குலைகள் பெரும்பாலும் முற்றாமலே போய்விடும். ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்து மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பட்டாணிச் செடியை வைத்து மட்டுமே மெண்டலை விளக்கும் மாணவருக்கும், தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பனையை வைத்து விளக்கும் மாணவருக்கும் நடுவே தேர்வாளர் யாரை நினைவில் வைப்பார்?

இந்தப் பக்கத்து ஊர்களுக்கும் உயிரியலுக்கும் உள்ள உறவு பழையது. சார்லஸ் டார்வினோடு பரிணாமக் கொள்கையில் பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ் 1854-இல் மலாக்காவில் இருந்தார். இதே ஜாசின் மாவட்டத்து ஆயர் பானாசில் தங்கிப் பூச்சியும் பறவையும் சேகரித்தார், அங்கிருந்து குனோங் லேடாங் ஏறினார். மலைமேல் தண்ணீர் கிடைக்காமல் குடுவைத் தாவரத்தின் கெண்டியில் இருந்த, பூச்சி விழுந்த நீரைக் குடித்ததை அவரே எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டு கழித்து, 1858-இல், அவர் கட்டுரையும் டார்வின் எழுத்தும் ஒன்றாக லண்டனில் வாசிக்கப்பட்டன. ரப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். பிறகு செலண்டாருக்குப் பக்கத்தில் புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரித்தார். விதையையும் ஊக்கத்தையும் கொடுத்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. நம்மவர்கள் இங்கே வந்து லயத்தில் குடியேறியதற்குப் பின்னால் இருந்த மரம் அது.

மூன்று மொழி, ஒரு மௌனம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை 'மகரந்தச் சேர்க்கை'. இடைநிலைப்பள்ளியில் 'பெண்டெபுங்கான்'. மேற்கோள் நூல்களில் 'பாலினேஷன்'. வீட்டில் 'வண்டு மொய்க்கிறது'. நம் பிள்ளைகள் ஒரே விஷயத்தை நான்கு அறைகளில் வைத்திருக்கிறார்கள், நடுவில் கதவு இல்லை. நேர்முகத் தேர்வில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி வரும்போது வீட்டு அறை பூட்டியே கிடக்கிறது.

இதற்கு நான் செய்ய வைத்தது வானொலிப் பயிற்சிதான். முதலில் என் அத்தைக்குத் தமிழில் ஒரு நிமிடம் விளக்க வேண்டும், கலைச்சொல் ஒன்றும் இல்லாமல். அத்தை "புரியல" என்றால் மறுபடி. அத்தை எளிதில் விடமாட்டார். பிறகு அதையே மலாயில், பிறகு கலைச்சொல் சேர்த்து. கைப்பேசியில் பதிவு செய்து தங்கள் குரலைத் தாங்களே கேட்க வேண்டும். முதல் தடவை எல்லாரும் முகத்தை மூடிக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

என் தொழிலில் சொல்லிக் கொடுப்பதற்கு நேர்மாறாக ஒன்றையும் சொன்னேன். ஒலிபரப்பில் மூன்று விநாடி அமைதி விழுந்தால் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவோம். நேர்முகத் தேர்வில் அந்த மூன்று விநாடி உங்களுடையது. "கொஞ்சம் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசிக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, "ஆனால் இப்படி இருக்கலாம்" என்று தொடரலாம். படபடவென்று பேசினால் கெட்டிக்காரர் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ பரவிவிட்டது. அதற்கு எங்கள் வானொலிக்காரர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சில மருத்துவப் பள்ளிகளில் ஒரே குழு முன் உட்காராமல், சில நிமிடத்துக்கு ஓர் அறை என்று வரிசையாகப் பல அறைகளுக்குள் போய்வர வேண்டியிருக்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் உள்ளவருக்கு அது தெரியாது. அதை மறந்துவிட்டு உள்ளே போங்கள்.

அந்தப் பெண் விண்ணப்பித்தது மருத்துவத்துக்கு அன்று. தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆசிரியர் கல்வி. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான இடம். வீட்டில் அது சுமுகமாக இல்லை. "டாக்டருக்குத்தானே பயோலஜி? டீச்சராவதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று அப்பா கேட்டிருக்கிறார். தனியார் கல்லூரிக்கு வழியில்லை. இது கிடைக்காவிட்டால் ஓர் ஆண்டு வேலைக்குப் போய்க்கொண்டு காத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் அப்புறம் படிப்புக்குத் திரும்புவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஏன் ஆசிரியராக வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியத் தொழில் அறப்பணி என்று ஆரம்பித்தாள். "அது தாளில் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?" என்றேன். மூன்று விநாடிக்கு மேலேயே ஆனது.

"தம்பிக்கு ஆஸ்மோசிஸ் புரியலக்கா. புத்தகத்தில உருளைக்கிழங்கு படம் போட்டிருக்கும், அவன் பாக்கவே மாட்டான். அம்மா மாங்கா ஊறுகா போட்டாங்க. உப்புப் போட்டு வெச்ச மாங்காய்ல மறுநாள் தண்ணி நின்னுச்சு. இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். அவன் முழிச்சான். அப்புறம் அவனே சொல்லிட்டான். அந்த முகத்தைப் பாத்தேன்."

இதையே சொல், மலாயில் சொல் என்றேன். மாங்காய் ஊறுகாய்க்கு மலாய்ச் சொல் தேடவே ஐந்து நிமிடம் ஆனது.

நேர்முகத் தேர்வு இணையம் வழி நடந்தது. வீட்டில் தொடர்பு விட்டுவிட்டு வருவதால் அத்தை வீட்டு நடு அறையை ஒதுக்கிக் கொடுத்தார். சான்றிதழ்களின் பிரதிகள் கையருகே, கேமரா கண்மட்டத்தில், பின்னால் வெறும் சுவர், மின்விசிறி அணைக்கப்பட்டது, அத்தையின் சேவல் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

முடிந்ததும் குரல் பதிவு அனுப்பினாள். சுய அறிமுகம் கேட்டார்கள், பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பா என்ன வேலை என்ற கேள்வியிலிருந்து செம்பனைக்கும் வண்டுக்கும் பேச்சு போயிருக்கிறது. அதில் திணறவில்லையாம். ஊறுகாயையும் சொல்லிவிட்டாள். பிறகு ஒருவர், தோட்டத்தில் எலியைப் பிடிக்க விஷம் வைக்காமல் ஏன் ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள், ஆந்தை மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறார். விஷம் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தைக்கும் ஆபத்து என்ற வரை சொன்னாள். போதுமா என்பதற்கு, தெரியாது, எத்தனை எலிக்கு எத்தனை ஆந்தை என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றாளாம்.

இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. நேற்று அவளிடமிருந்து ஒரு செய்தி: "அக்கா, ஆந்தைப் பெட்டிக்குக் கீழே எலி எலும்பெல்லாம் உருண்டையா கெடக்கும்னு அப்பா சொல்றாரு. எண்ணிப் பாக்கலாம்னு சனிக்கிழமை கூட்டிட்டுப் போறாராம்."